அரை நூல் இடது

கல்யாணமான மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "பொட்டு அரை நூல் இடது பக்கமா இருக்குது" என்பதுதான். வேறொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். நான், "நூலா? இன்னா நூலு? நான் இன்னா துணியா?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த வாய்ச்சண்டை இன்னும் முடியவில்லை.

நூல் என்பது பட்டறைக் கணக்கு. ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். அதிலும் பாதி நகர்ந்திருப்பதைக் கண்ணாடி காட்டாது, இவர் கண் காட்டிவிடும். எனக்கோ கண்ணாடி முன்னால் நிற்கப் பொறுமை கிடையாது. ஸ்டிக்கர் பொட்டை உரித்து, நடந்துகொண்டே நெற்றியில் அழுத்திவிட்டு, "ஏங்க, பொட்டு நடுவுல இருக்குதா?" என்று குரல் கொடுப்பேன். "கொஞ்சம் வலது... போதும் போதும்" என்று பதில் வரும். வீட்டிலிருந்த ஒரே கண்ணாடியும் ரசம் போய்ப் பின்கட்டில் கிடந்தது. இவர் இருக்கும்போது அது எதற்கு?

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு லேத்துப் பட்டறை. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் வீடு. ஒலக்கூர் பக்கத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷின் சாமான் வரும், டிராக்டர் சாமான் வரும், கரும்புச் சாறு பிழிகிற உருளை வரும். மெஷினில் நிற்பது அவர் வேலை. வாசலில் உட்கார்ந்து, "ஜல்தியா குடுங்கம்மா" என்று நச்சரிப்பவர்களிடம் வாய் கொடுத்து அவர்களை டீக்கடைக்கு விரட்டுவது என் வேலை. ரெண்டாவது வேலைதான் கஷ்டம் என்று நான் சொல்வேன். அவர் மறுத்ததில்லை.

வந்த புதிதில் ஒரு நாள், கைவேலையாக இருந்தவர், "அந்தச் சக்கரத்துக்குப் பொட்டு வெய்யி" என்றார். நாங்கள் மாதா கோயில் ஆட்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், எங்கள் வழக்கத்தில் அது கிடையாது. புருஷன் சொல்லிவிட்டாரே, பங்குச் சாமியாரைக் கேட்டால் என்ன சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டே பக்கத்து வீட்டில் குங்குமம் வாங்கி வந்து, இரும்புச் சக்கரத்துக்கு நல்ல பெரிய பொட்டாக வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். குனிந்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "குங்குமம் கெடக்கட்டும். நடுவுல இல்லயே" என்றார்.

அப்புறம்தான் விளக்கினார். வட்டமான இரும்பில் ஓட்டை போட வேண்டுமானால் முதலில் நடு கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த இடத்தில், பஞ்சு என்று சொல்கிற கூரான இரும்பு முளையை வைத்துச் சுத்தியால் ஒரே தட்டு. அந்தக் குழிக்குத்தான் பட்டறையில் பொட்டு என்று பெயர். பொட்டு தப்பினால் ஓட்டை தப்பும், ஓட்டை தப்பினால் சக்கரம் சுற்றும்போது குடிகாரன் மாதிரி தலையாட்டும். மற்ற பட்டறைகளில் நடு பார்க்க ஒரு கருவி வைத்திருப்பார்கள். சென்டர் மட்டம் என்று சொல்வது. கவட்டை மாதிரி விரிந்த இரும்பு, அந்தக் கவட்டையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு ஒரு பட்டை போகும். கவட்டையில் வட்டத்தைப் பொருத்திப் பட்டையை ஒட்டி ஊசியால் ஒரு கோடு கீற வேண்டும். வட்டத்தைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டிக்கொள்கிற இடம் நடு. என் கையில் கொடுத்தால் நானே பார்த்துவிடுவேன், அவ்வளவு சுலபம்.

இவர் அதைத் தொடமாட்டார். "கண்ணு அவிஞ்சவனுக்குத்தான் மட்டம்" என்பார். சும்மா பார்ப்பார், பஞ்சை வைப்பார், தட்டுவார். சந்தேகப்பட்டு மட்டம் வைத்துப் பார்த்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் புது மெஷின் கிடையாது, ஏசி கிடையாது, போர்டு கூட பாதி துரு. ஜனங்கள் வருவது அந்தக் கண்ணுக்காக. அது போனால் பட்டறை போயிற்று, மனுஷனும் போனார். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் மழை விட்ட சமயம், அவர் பொட்டு வைத்து ஓட்டை போட்ட ஒரு சக்கரம் தலையாட்டுகிறது என்று திரும்பி வந்தது. எனக்கு வந்ததே கோபம்! வந்தவரை ஒரு வழியாகச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு உள்ளே போய், "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது உங்களுக்கு?" என்று கேட்டேன். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் வரும். அன்றைக்கு அந்தச் சக்கரத்தின் ஓட்டையை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் சாமான் வாங்க விழுப்புரம் போய்ட்டு வர்றேன் என்று கிளம்பினார். சாயங்காலம் வந்து பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தது ஒரு சென்டர் மட்டம்.

"இன்னா இது? கண்ணு அவிஞ்சவனுக்குத்தானே இது?" என்றேன்.

"பேஷன்மே இப்போ. எல்லாப் பட்டறையிலயும் வெச்சிருக்காங்க."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வட்டமாக இருந்த எதற்கும் நிம்மதி இல்லை. தோசையைத் தட்டில் போட்டால் மட்டத்தை வைத்து நகத்தால் ரெண்டு கோடு போட்டு, கோடு வெட்டுகிற இடத்தில் சட்னி வைப்பார். குடத்து மூடிக்கு நடு பார்த்தார். இட்லிக்குப் பார்த்து, "மாவு ஒரு பக்கம் சாஞ்சிருக்குது" என்று எனக்கே குற்றம் சொன்னார். டீக்கடையில் வடைமேல் வைக்கப்போய், "யோவ், அதுக்குத்தான் ஆண்டவனே ஓட்டை போட்டுக் குடுத்திருக்கானே" என்று கடைக்காரர் கத்தினாராம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் வெள்ளை அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற நேரம், இவர் கை கால்சட்டைப் பைக்குள் போனது. முழங்கையால் விலாவில் ஒரு இடி வைத்தேன். பாவமன்னிப்புக்குப் போனால் இதை எந்தக் கட்டளையில் சேர்ப்பது என்று சாமியாரே குழம்பிப் போவார்.

ஒரு நாள், "பொட்டு நடுவுல இருக்குதா?" என்று நான் கேட்டபோது சில்லென்று அந்த இரும்பை என் நெற்றியிலேயே வைத்தார்.

"எடுங்க! நெத்தி இன்னா வட்டமா?" என்று கையைத் தட்டிவிட்டேன்.

"அதான் பேஜாரா இருக்குது. வட்டமா இருந்தா சுலபம்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்போதெல்லாம் வெர்னியர் என்கிற அளவுக் கருவியைக்கூட, "நீ படிமே, என் வேலைக் கண்ணாடி கீறலா இருக்குது" என்று என்னிடம் நீட்டுவார். பட்டறையைக் கூட்டும்போது இரும்புத் துண்டுகளில் பார்ப்பேன், ஊசிக் கோடுகள் முடி மாதிரி இருக்க வேண்டியவை, ஏர் ஓட்டின மாதிரி ஆழமாக இருக்கும். புது விளையாட்டுச் சாமான் கிடைத்த வேகம் என்று நினைத்துக்கொண்டேன். விளையாட்டுப் புத்தி அவருக்குப் புதிதில்லையே.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது விழுப்புரத்தில் என் தம்பி மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். முதல் நாள் இவர், "நீ போய்ட்டு வா. வேலை நிக்குது" என்றார். என் பிறந்த வீட்டு விசேஷம்! "உங்க தங்கச்சி வூட்டுதுன்னா மட்டும் வேலை நிக்காது, ஓடும் இல்ல?" என்று தொடங்கி, நான் சொல்லாத சொல் பாக்கியில்லை. மறுநாள் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கோபத்தில் உர்ரென்று இருந்தாலும் வழக்கத்தை விடாமல், "பொட்டு நடுவுல இருக்குதா?" என்று கேட்டேன்.

"கரெக்டா இருக்குது."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷேர் ஆட்டோக்காரர் முன்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பட்டுப்புடவையைப் பார்க்கிறாராக்கும் என்று ஒரு முறை முறைத்தேன். மண்டபத்துக்குப் போய்ச் சந்தனம் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டாருடன் நின்று போட்டோவெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகுதான் தம்பி பெண்டாட்டி ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னா அண்ணி, பொட்டு புருவத்து மேல குந்திக்கினு இருக்குது?"

செல்போனில் காட்டினாள். அரை நூல் இல்லை, ஒரு நூல் இல்லை. வலது புருவத்தின் நுனியில் ஏறிச் சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கார அம்மா எல்லாப் போட்டோவிலும் என் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. முந்தின நாள் திட்டினதற்குப் பழி வாங்கிவிட்டான் மனுஷன்! இருக்கட்டும், வந்து வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை. சாப்பாட்டில் பாயசம் என்ன பாயசம் என்றுகூட நினைவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒத்திகை பார்த்தபடியே வந்தேன்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. பட்டறை வாசலில் வெயில் பட்டையாக விழுந்திருந்தது. நான் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. ஒரு வட்ட இரும்பைக் கையில் எடுத்தார். மட்டத்தை வைத்தார், ஊசியால் அழுத்தி ஒரு கோடு, திருப்பி இன்னொரு கோடு. பிறகு குனிந்து பார்ப்பார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். செபம் பண்ணுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். கட்டைவிரல் நகத்தால் கோட்டைத் தடவினார். பஞ்சின் முனையைக் கோட்டுக்குள் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். ரெண்டாவது கோடு குறுக்கிடும் இடத்தில் முனை டக்கென்று ஒரு துளி இறங்கி நின்றது. அப்படியே சுத்தியால் தட்டினார். கண்ணைத் திறக்கவே இல்லை.

பொட்டு சரியாகத்தான் விழுந்திருந்தது. 

தோசையும் இட்லியும் குடத்து மூடியும் வரிசையாக நினைவுக்கு வந்தன. என் நெற்றியில் வைத்த சில்லென்ற இரும்பும் வந்தது. நம்ப மனசு வரவில்லை. கோபம் பாதி, பயம் பாதி. நெற்றியிலிருந்த பொட்டை உரித்துக் கதவு நிலையில் ஒட்டினேன். வெறும் நெற்றியோடு போய், வெயில் முகத்தில் விழுகிற மாதிரி அவர் எதிரே நின்றேன்.

"வந்துட்டியா? நிச்சயம்லாம் நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சு. ஏங்க, பொட்டு நடுவுல இருக்குதா?"

அவர் முகத்தைத் தூக்கினார். கண்ணைச் சுருக்கினார். பழைய மாதிரியே தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"கரெக்டா நடுவுல இருக்குது. அரை நூலு அசையல" என்றார்.

 ஒத்திகை பார்த்து வந்த கேள்விகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியாது. அவர் கையை எடுத்து என் நெற்றியில் வைத்தேன். விரலால் நடுவில் தடவினார், இடது பக்கம் தடவினார், வலது பக்கம் தடவினார். கை நின்றது.

"யோவ்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிக் கூப்பிட்டதில்லை. "பொட்டே இல்லய்யா."

சுத்தியைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார். எல்லாம் பாலில் முக்கியெடுத்த துணி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். கூட்டத்தில் யார் முகமும் தெரியாமல் மாட்டிக்கொள்வோம் என்றுதான் விசேஷத்துக்கு வரவில்லையாம்.

"வெளிய சொல்லிடாதம்மே. லேத்துக்காரனுக்குக் கண்ணு தெரியலன்னா எவன் இரும்பைத் தூக்கிக்கினு வருவான்?"

"டாக்டருகிட்ட காட்டினா இன்னாவாம்?"

"கண்ணுல கத்தி வெப்பாங்க. கை தப்பிடுச்சின்னா? என் கையே தப்பிப் போச்சு, சக்கரம் தலையாட்டிக்கினு திரும்பி வந்துச்சு. அவங்க கை தப்பாதா? இப்போ கொஞ்சமாவது தெரியுது. அதுவும் போச்சுன்னா?"

அழுகை வந்தது. அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன், எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் வரும். "அவங்க இன்னா உங்கள மாதிரி கண்ணால பாத்தா கத்தி வெக்கிறாங்க? அவங்ககிட்டயும் ஒரு மட்டம் இருக்கும்யா! நீங்களே மட்டம் வெச்சப்புறம் ஒரு பொட்டாவது தப்பிப் போச்சா?"

"எப்போ போவணும்?" என்றார். இதுவரை நான் ஜெயித்த வாதம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரெண்டு கண்ணிலும் புரை, வலதில் முற்றிவிட்டது, முதலில் அதை எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் அன்று நர்ஸ் வந்து, எந்தக் கண் என்று தப்பிப் போகாமல் இருக்க, வலது புருவத்துக்கு மேலே பேனாவால் வட்டமாக ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மே, பொட்டு வெச்சாங்களே, நடுவுல இருக்குதா?"

"ரெண்டு இன்ச்சு வலது" என்றேன். "நிச்சயத்துல நான் நின்ன மாதிரியே இருக்கறீங்க. போட்டோ எடுத்து மாப்பிள்ளை வூட்டுக்கு அனுப்பட்டுமா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் என் கையை விடவில்லை. உள்ளே கூப்பிட்டபோது கால்சட்டைப் பையிலிருந்து மட்டத்தை எடுத்து என்னிடம் கொடுத்து, "டாக்டரம்மாவுக்குத் தேவைப்பட்டா குடு" என்றார். கதவு மூடியது. ஒரு கையில் செபமாலையும் இன்னொரு கையில் அந்தக் கவட்டை இரும்புமாக நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கையால் வேண்டினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மாதாவே, இந்த மனுஷனுக்குக் கண்ணைக் கொடு, இனிமேல் திட்டமாட்டேன் என்றேன். அது நடக்கிற காரியமா என்று மாதாவுக்கே தெரியும் என்பதால், கொஞ்சமாகத் திட்டுகிறேன் என்று மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். நான் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவசரத்தில் வழக்கம் போலக் கண்ணாடி பார்க்காமல் பொட்டை ஒட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். தண்ணீர் வழிந்தது. நர்ஸ் துடைத்துவிட்டார். மறுபடியும் திறந்து என்னையே பார்த்தார். 

"இன்னாம்மே இது" என்றார். "தலை இவ்ளோ நரைச்சிட்டுது?"

"அய்யய்ய! இதுக்கா உங்களுக்குக் கண்ணைக் குடுத்தாங்க!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்தார். தலையைச் சாய்த்தார்.

"அரை நூலு இடது" என்றார்.

நெற்றிக்குப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளாத. கொஞ்ச நேரம் அப்டியே இருக்கட்டும். தப்பா இருக்கறத நானே பாத்து ரொம்ப நாளாச்சு."